ஏழாம் அறையின் வாட்டம்

கொத்தனார் வீட்டுப் பெரியவள் இடிந்த சுவர்களைப் பற்றிப் படிக்கக் கடல் கடந்து போகிறாள் என்ற செய்தி வந்தபோது தெருவில் சிரிக்காத வாய் இல்லை. அப்பா முப்பது வருஷமாகச் சுவர் கட்டுகிறார். மகள் விழுந்த சுவரைப் பார்க்க விமானம் ஏறுகிறாள். “இடிஞ்ச சுவர்தான் வேணும்னா நம்ம வீட்டுப் பின்பக்கமே ஒண்ணு நிக்குது, அதுக்கு விசாகூட வேண்டாம்” என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, மகளுக்குப் பெட்டி கட்டும்போது மூன்று முறை உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெரியவள் இப்போது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் ஊரின் நடுவில், முழங்காலுக்கு அடியில் ரப்பர் மெத்தையைப் போட்டு மண்டியிட்டு, மூக்கிலும் காதிலும் மண்ணோடு, தன்னைவிடச் சந்தோஷமான ஆள் இந்தப் பூமியில் இருக்கவே முடியாது என்ற நினைப்போடு தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கூரை என்று ஒன்றுகூட மிச்சமில்லாத ஊர் அது. இடுப்பளவுச் சுவர்கள், கல் பாவிய ஒரு தெரு, தெருவின் இரண்டு பக்கமும் எண் போட்ட அறைகள். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். மண்ணை அள்ளு, பக்கெட்டில் கொட்டு, சல்லடையில் சலி, கிடைத்த ஓட்டுத் துண்டுக்குச் சீட்டு எழுது, படம் வரை. மறுபடி முதலிலிருந்து. மற்ற மாணவர்கள் மூன்றாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். இவள் மட்டும் பள்ளி விடுமுறை முழுக்க அப்பாவுக்குச் சித்தாள் வேலை பார்த்து வளர்ந்தவள். பக்கெட் தூக்குவதெல்லாம் இவளுக்கு ஒரு வேலையே இல்லை.

முதல் நாள் ஆளுக்கொரு கரணை கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா சாந்து பூசும் அதே கரணை, பிடியில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். கை தானாகவே அதைப் பூசுகிற வாக்கில் பிடித்துக்கொண்டது. “பூசாதே, சுரண்டு” என்றார் பேராசிரியை. அன்று சாயந்திரமே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “அப்பா, நீங்க பூசுறதைச் சுரண்டுறதுக்குத்தான் இங்க பட்டம் குடுக்கிறாங்க.”

“நல்லாப் படி. ஆனா நான் பூசினதுல மட்டும் கையை வச்சிடாதே” என்றார் அப்பா.

பேராசிரியைக்கு அறுபது வயதிருக்கும். அகலமான தொப்பி, தாழ்ந்த குரல், யாரையும் திட்டாத கண்டிப்பு. அந்த ஊரைப் பன்னிரண்டு வருஷமாகத் தோண்டுகிறவர். அதைப் பற்றித் தலையணை அளவுக்கு ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். மாணவர்கள் நான்கு பேர், ஒன்பது வாரம், ஆளுக்கோர் அறை. ஒன்பதாம் வார வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் தன் அறையைப் பற்றி எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். நால்வரில் ஒருவரை மட்டும் பேராசிரியை இரண்டு வருஷ ஆராய்ச்சிக்குத் தன்னோடு வைத்துக்கொள்வார். மற்ற மூவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெரியவளின் திரும்பும் டிக்கெட் இருபத்தெட்டாம் தேதிக்குப் போட்டிருந்தது. விடுதி மேசையில் சோப்பு டப்பாவுக்கு அடியில் அதை மடித்து வைத்திருந்தாள். சோப்பை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தேதி கண்ணில் படும். அந்த இரண்டு வருஷம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. ஊருக்குப் போனால் ஏதாவது ஒரு அலுவலகத்தில் ஏதாவது ஒரு நாற்காலி கிடைக்கும், கிடைக்காமல் போகாது. ஆனால் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் மண்ணில் உட்கார வேண்டும் என்று தோன்றுகிற வேலை இனி எங்கே கிடைக்கும்?

அவளுக்கு வந்தது ஏழாம் அறை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அறையின் ஒரு பாதியைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பேராசிரியையே தோண்டியிருந்தார். மறு பாதியை அப்படியே மண் மூடி விட்டிருந்தார்கள். அந்த மறு பாதிதான் இவளுக்கு.

ஏழாம் அறையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுண்ணாம்புத் தரைகள் இருந்தன. அதைப் பற்றிப் பேராசிரியையின் புத்தகம் அழகாகச் சொல்லியிருந்தது. கீழ்த்தரை போட்டவர்கள் வீட்டைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். எண்பது வருஷம் வீடு பாழாகக் கிடந்தது. பிறகு வேறு மக்கள் வந்து, பழைய தரைக்கு மேலேயே புதுத் தரை போட்டுக் குடியேறினார்கள். கீழ்த்தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாய்க் கோடுகள். அவை அலங்காரம். அந்த எளிய மக்களின் அழகுணர்ச்சி பற்றி அறுபத்திரண்டாம் பக்கத்தில் தொடங்கி ஓர் அத்தியாயமே இருந்தது. பெரியவள் அதை விமானத்திலேயே இரண்டு தடவை படித்து உருகியவள்.

ஏழாம் வாரம் சனிக்கிழமை, மேல்தரையின் ஓர் ஓரத்தை எடுத்துவிட்டுக் கீழ்த்தரையைத் துடைத்தாள். கோடுகள் தெரிந்தன. தூரிகையால் மண்ணைத் தள்ளினாள், கட்டைவிரலால் தடவினாள். விரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு கோட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய விளிம்பு எழும்பியிருந்தது. ஈரச் சாந்தில் கரணை முனையால் கீறினால் சாந்து இரண்டு பக்கமும் ஒதுங்கி எழும்புமே, அதேதான்.

இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். முதல் பூச்சு பூசிய கையோடு, காய்வதற்குள் அப்பா கரணை முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுவார். மேல் பூச்சு பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதற்கு. அதில் அழகும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பிடிப்பு, அவ்வளவுதான்.

அப்படியானால் மேல் பூச்சு எப்போது வந்தது? எண்பது வருஷம் கழித்து வருகிறவனுக்காக ஒருவன் ஈரத்திலேயே கீறி வைத்துவிட்டுப் போவானா? இரண்டு தரைக்கும் நடுவே உற்றுப் பார்த்தாள். எண்பது வருஷம் பாழாய்க் கிடந்த வீட்டில் ஒரு விரல் கனமாவது தூசி இருக்க வேண்டாமா? ஒரு துளி இல்லை. கீழ்த்தரையில் ஒரு கால் பட்ட தேய்மானமும் இல்லை.

சரி, ஒரே ஆள் ஒரே நாளில் எதற்கு இரண்டு தரை போட்டான்? ரசமட்டத்தை எடுத்துக் கீழ்த்தரையில் வைத்தாள். குமிழி ஒரு பக்கம் ஓடியது. மேல்தரையில் வைத்தாள். மறு பக்கம் ஓடியது. பின்சுவரின் அடியில் தண்ணீர் போக ஒரு துவாரம் இருந்தது. மேல்தரை அந்தத் துவாரத்தைப் பார்த்துச் சரிந்திருந்தது. கீழ்த்தரையோ வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது.

பெரியவள் கரணையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையில் இருந்த நெட்டைத் தோழி, நான்கு மாணவர்களில் ஒருத்தி, விடுதியில் இவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள், பயந்துபோய்ச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“என்ன ஆச்சு? வெயில் மண்டையில ஏறிடுச்சா?”

“வாட்டம்! தண்ணி ஓடுற சரிவு இருக்கு பாரு, எங்க ஊர்ல அதுக்கு வாட்டம்னு பேரு. இந்த ஆளு வாட்டத்தை மாத்தி வச்சுட்டான்! எங்க அப்பா மாதிரியே!”

இதற்கு ஒரு குடும்ப வரலாறு உண்டு. அவளுக்கு ஏழு வயதாயிருக்கும்போது அப்பா சொந்த வீட்டுக் குளியலறைக்குத் தரை போட்டார். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் போடுகிற மனுஷன், தன் வீட்டில் மைத்துனரோடு வாயடித்துக்கொண்டே போட்டதில் சரிவை வாசல் பக்கம் வைத்துவிட்டார். மறுநாள் அம்மா பெருமையாக முதல் பக்கெட்டை ஊற்றினாள். தண்ணீர் நேராக வெளியே வந்து, கூடத்தைக் கடந்து, பெரியவளின் கணக்கு நோட்டை நனைத்துவிட்டுத்தான் நின்றது. அதில் நோட்டின் சொந்தக்காரிக்குப் பரம சந்தோஷம். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு ‘வாட்டக் கொத்தனார்’ என்றே பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் வீட்டைப் பிடித்தாள்.

“அம்மா, நம்ம குளியலறைத் தரையை அப்பா எப்ப சரிபண்ணினார்?”

அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. இருபது வருஷமாகியும் அவளுக்குச் சலிக்காத கதை அது. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

“அன்னிக்கே பண்ணிட்டேன். கீறிவிட்டு மேல ஒரு பூச்சு. அவ்வளவுதான்.”

“பொய்யி! சுத்தப் பொய்யி!” அம்மா போனோடு திரும்பினாள். “நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. தரை நல்லா இறுகினப்புறம் உளியை வச்சு டொக்கு டொக்குன்னு கொத்தி என் உயிரை வாங்கினாரு. சில்லு தெறிச்சு கூடமெல்லாம் கூட்டினது யாரு? நான்தானே?”

“இப்ப எதுக்கு அந்தக் கதை?” என்றார் அப்பா.

பெரியவளுக்கு அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஈரத்தில் கீறினால் விளிம்பு எழும்பும், இறுகிய பின் கொத்தினால் சில்லு தெறிக்கும். சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

காட்டலாம். ஆனால் யாருக்குக் காட்டுவது? அங்கேதான் சிக்கல்.

“உனக்குப் பைத்தியமா?” என்றாள் நெட்டை, அன்று சாயந்திரம் கட்டிலில் குறுக்கே கால் நீட்டிக்கொண்டு. “இடம் குடுக்கப்போறது அவங்க. நீ எந்திரிச்சு நின்னு, மேடம், உங்க புத்தகத்துல ஒரு அத்தியாயம் முழுக்கத் தப்புன்னு சொல்லப்போறியா? பேசாம ரெண்டு தரைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு மண் கோடு வரைஞ்சிடு. இடம் உனக்குத்தான். அப்புறம் ரெண்டு வருஷம் இருக்கு, மெதுவாச் சொல்லிக்கலாம்.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் அறையில் பானை ஓட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, தோழிக்காவது கிடைக்கட்டும் என்று நினைக்கிற பெண் அவள். பெரியவளும் யோசிக்காமல் இல்லை. திங்கள் முழுக்க யோசித்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டு படத்தாளின் முன் உட்கார்ந்து, நடுவில் அந்த மண் கோட்டைப் போட்டும் பார்த்தாள். ஒரு முடி அளவுக் கோடு. அந்த ஒரு கோட்டில் இரண்டு வருஷம் கிடைக்கும்.

கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தப் பெயர் தெரியாத கொத்தனார் மேல் இரக்கமாக வந்தது. பாவம், தன் தப்பைத் தானே பார்த்து, யாரும் சொல்வதற்குள் அவசர அவசரமாகச் சரி செய்திருக்கிறான். அவன் செய்த நல்ல காரியத்தை எடுத்து, எண்பது வருஷம் கழித்து வந்த எவனுக்கோ எழுதிவைப்பதா? ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தாள். அழித்த பிறகு பயமாக இருந்தது. ஆனாலும் மறுபடி வரையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனாள். அங்கே சுண்ணாம்பும் மணலும் ஒரு பெரியவரின் பொறுப்பில் இருந்தன. இடிகிற சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துப் பூசுகிறவர், அந்த ஊர்க் கொத்தனார். பெரியவள் வந்த நாளிலிருந்து அவரை நம் வழக்கப்படி மேஸ்திரி என்றே கூப்பிட்டாள். அவரும் அது ஏதோ மரியாதையான பட்டம் என்று வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஏழாம் அறைக்கு அவரை இழுத்துப்போய்க் கோடுகளைக் காட்டினாள். அவர் ரசமட்டத்தை இரண்டு தரையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் இரண்டு சட்டி சுண்ணாம்புச் சாந்தைக் கலந்து கொடுத்தார்.

கொட்டகைக்கு வெளியே, கல்லடுக்கின்மேல், ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு தரை போட்டாள். ஒரு முனையில் செங்கல் வைத்து வாசல், மறு முனையில் ஒரு துவாரம். சரிவு வாசலைப் பார்த்து, ஏழாம் அறைக் கீழ்த்தரையின் அதே கணக்கு. ஒரு பாதியை ஈரத்திலேயே கீறினாள். மறு பாதியை வெயிலில் காய விட்டாள். ஏழு வாரத்துக்குப் பிறகு கரணை பூசியது. கைக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாய் தானாக ஏதோ மெட்டை முணுமுணுத்தது. மேஸ்திரி தினமும் காலையில் வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று தலையாட்டினார். அப்படியே ஒன்பது நாள் ஓடி, ஒன்பதாம் வார வியாழக்கிழமைதான் தட்டியதும் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் பேசி முடித்தார்கள். கடைசியாகப் பெரியவள். ஏழாம் அறைச் சுவரைச் சுற்றி மாணவர்களும் வேலையாட்களுமாக இருபது பேர் நின்றார்கள். பேராசிரியை மட்டும் மடக்கு நாற்காலியில், மடியில் அந்தப் புத்தகத்தோடு.

இவள் ரசமட்டத்தைக் காட்டினாள். தூசி இல்லாததைக் காட்டினாள். தேய்மானம் இல்லாததைக் காட்டினாள். அறுபத்திரண்டாம் பக்கத்தின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் பேராசிரியையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெட்டை கண்ணை மூடிக்கொண்டாள்.

“தயவுசெஞ்சு எல்லாரும் கொட்டகைப் பக்கம் வாங்க” என்றாள் பெரியவள்.

காய்ந்த பாதியை உளியால் கொத்தினாள். சில்லுகள் தெறித்தன. பக்கத்தில் ஈரத்தில் கீறிய பாதி, இரண்டு பக்கமும் விளிம்பு எழும்பிய கோடுகளோடு, ஏழாம் அறையிலிருந்து பெயர்த்து வைத்தது போலவே இருந்தது. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு துவாரத்துப் பக்கம் நின்று ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் துவாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசல் வழியாக வெளியே வந்து, முன்னால் நின்ற பேராசிரியையின் இரண்டு ஷூக்களையும் நனைத்தது.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பேராசிரியை நனைந்த காலைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். “இந்தக் கோடு எதுக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“பன்னெண்டு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே மேடம். நான் சுவர் ஆளு. தரையெல்லாம் படிச்சவங்க பாத்துக்கறாங்கன்னு விட்டுட்டேன்.”

பேராசிரியை திரும்பி ஏழாம் அறைக்கு நடந்தார். தொப்பியைக் கழற்றினார், பெரியவளின் ரப்பர் மெத்தையில் மண்டியிட்டார், கட்டைவிரலால் ஒரு கோட்டை மெல்லத் தடவினார். தான் தோண்டிய பாதியில் பன்னிரண்டு வருஷ மழையும் காலடிகளும் அந்த விளிம்புகளை அழித்துவிட்டிருந்தன. அங்கேயும் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடி இங்கே.

“எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் அது” என்றார்.

“எனக்கும்தான் மேடம்” என்றாள் பெரியவள். உண்மையைத்தான் சொன்னாள். கண் கலங்கிவிட்டது.

பேராசிரியை நிமிர்ந்தார். “அப்ப இந்த எண்பது வருஷத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?”

பெரியவளுக்குச் சோப்பு டப்பாவும் இருபத்தெட்டாம் தேதியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. “தெரியல மேடம்.”

“தெரியலையா? அப்ப கண்டுபிடி. ரெண்டு வருஷம் தர்றேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஒன்பது வாரத்தில் யாரும் கேட்டிராத, அறையே அதிர்கிற சிரிப்பு. நெட்டை சுவரைத் தாண்டிக் குதித்து வந்து பெரியவளைத் தூக்கிச் சுற்றினாள். மேஸ்திரி கொட்டகைப் பக்கமே நின்று, யாரிடமோ, அந்தப் பெண் பூசுகிற லட்சணத்தைப் பாருங்கள் என்று தரையைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் வீட்டுக்கு வீடியோவில் போன் போட்டாள். இரண்டு வருஷம் என்றதும் அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டாம் தேதிக்காகப் புதுத் தலையணை வாங்கி, உறைகூடத் தைத்து வைத்திருந்தாள். “தலையணைக்கு என்ன, கெட்டா போகுது? இருக்கட்டும்” என்றாள் கடைசியில். முகம் கழுவ உள்ளே போகவில்லை. போனுக்கு முன்னாலேயே அழுதுவிட்டு, அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

“அம்மா, இன்னொண்ணு. மேடம்கிட்ட நம்ம குளியலறைக் கதையைச் சொன்னேன். அடுத்த புத்தகத்துல அதோட படம் போடணுமாம். நாள் கழிச்சுச் சரிபண்ணினா எப்படி இருக்கும்னு காட்ட.”

அப்பா போனைப் பிடுங்கினார். முகம் இருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. “என் தப்பு புத்தகத்துல வருதா?”

“ஆமாப்பா. பக்கத்துப் பக்கத்துல. அந்தக் கொத்தனாரோடதும் உங்களோடதும்.”

அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு போனோடு குளியலறைக்கு நடந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வாசல் பக்கம் ஊற்றினார். அது ஒரு சொட்டுக்கூட நிற்காமல் நேராகத் துவாரத்துக்கு ஓடியது.

“பாத்தியா? இருபது வருஷம். இன்னிக்கும் எப்படி ஓடுது பாரு. அந்த ஆளு பேரு என்னன்னு தெரியுமாம்மா?”

“தெரியாதுப்பா.”

“போகட்டும். தப்புன்னு தெரிஞ்சதும் அன்னிக்கே சரிபண்ணியிருக்கான். நல்ல ஆளு. நம்ம ஆளு.”

“அவரு அன்னிக்கே பண்ணினாரு” என்றாள் அம்மா பின்னாலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நீங்க நாலு நாள்.”